மலைக்குக் கிழக்கா, மேற்கா

ஒரு விண்வெளிக் கப்பல். அதில் ஆறு பேர். வீட்டுக்குத் திரும்பும் வழியைத் தொலைத்துவிட்டு ஐந்து சீசனாகக் கிரகம் கிரகமாக அலைந்துகொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, நல்ல செந்தமிழில் பேசிக்கொண்டு டிவியில் வருவார்கள். தொடரின் பெயர் வேண்டாம். நான் குறை சொல்லப் போகிறேன், பெயரைச் சொல்லிக் குறை சொல்வது மரியாதை இல்லை. தவிர, அதை எடுத்தவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவர்கள் ஒழுங்காக எடுத்திருந்தால் எனக்கும் என் தங்கை வீட்டுக்காரருக்கும் நடுவில் பேச்சே இருந்திருக்காது.

குறைகளை முதலில் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு எனக்கு எழுத ஓடாது. முதல் சீசனில் கப்பல் தலைவிக்கு இடது கை இயந்திரக் கை. மூன்றாம் சீசனில் அதே அம்மாள் வலது கையைக் கழற்றி வைத்து எண்ணெய் போடுகிறாள். ஒரு வாரம் கப்பலில் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆளாளுக்கு உதடு வெடித்துக் கிடக்கிறார்கள். மறுவாரம் ஒருத்தி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வருகிறாள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் திறக்கும் என்று அடித்துச் சொன்ன காலக்கதவு ஒரே சீசனில் மூன்று தடவை திறந்தது. மகாமகம் ஒரே வருடத்தில் மூன்று தடவை வந்தால் கும்பகோணம் தாங்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாம் சீசனில் பனிக் கிரகத்தில் உறைந்து செத்து எங்களை அழவைத்த டாக்டரம்மா, நான்காம் சீசனில் ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் வந்து காபி கலக்கிக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. யாருக்குக் காது குத்துகிறீர்கள் என்று நான் டிவியைப் பார்த்துக் கத்தியே விட்டேன்.

எனக்கு இப்படிக் கத்த வருவதற்குக் காரணம் என் தொழில். நான் பத்திரம் எழுதுகிறவன். இலுப்பூர் கடைவீதியில் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், மூன்று நாற்காலி. இருபத்தாறு வருடமாக இதுதான் பிழைப்பு. ஒரு நிலம் விற்கப்படுகிறது என்றால் அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நடுவில் யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா, செத்ததாகச் சொல்லப்பட்டவர் நிஜமாகவே செத்துவிட்டாரா என்று கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்க்க வேண்டும். பாட்டன் பாகப்பிரிவினையில் ஒரு அத்தையின் கையெழுத்து விட்டுப்போனதைக் கண்டுபிடித்து, முன்பணம் கொடுக்க வண்டியேறியவர்களைப் பாதி வழியில் திருப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் முன்னால் செத்த டாக்டரம்மாவைக் கொண்டுவந்து காபி கலக்கச் சொன்னால் சும்மா இருப்பேனா?

இந்தத் தொடரை நான் பார்க்க ஆரம்பித்தது என் தங்கை வீட்டில். அவளைத் திருவரங்குளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை மோட்டார் காயில் கட்டுகிறவர். சுற்று வட்டாரத்து வயல் மோட்டார் எரிந்தால் அவர் கடைக்குத்தான் வரும். இந்தச் சம்பந்தத்தை நான் எதிர்த்தேன். அரசாங்க வேலையில் இருந்த ஒரு பையனை நான் பார்த்து வைத்திருந்தேன், அப்பா என் பேச்சைக் கேட்கவில்லை. அந்தக் கோபத்தில் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வருடம் தங்கை வீட்டுக்குப் போனால் கடமைக்கு உட்காருவேன், காபியைக் குடிப்பேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடுவேன். மாப்பிள்ளையிடம் மழை பெய்ததா என்று கேட்பேன். பெய்தது என்பார், அல்லது பெய்யவில்லை என்பார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் வராது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் டிவியில் அந்தக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பையன் கப்பலுக்கு வெளியே தலையில் கண்ணாடிக் கூடு இல்லாமல் நின்று பேசினான். என் வாய் சும்மா இருக்குமா? வெளியில காத்தே இல்லைங்கிறான், அப்புறம் இவன் பேசுறது அவளுக்கு எப்படி மாப்ள கேட்கும் என்று கேட்டுவிட்டேன். அதுதான் மழையைத் தாண்டி நான் அவரிடம் பேசிய முதல் விஷயம். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, கப்பல் இப்பத்தானே கெளம்பி வந்துச்சு மச்சான், கப்பலுக்குள்ள இருந்த காத்து கொஞ்சம் வாசல்ல நின்னுருக்கும் என்றார். சிரிக்காமல் சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது, சிரிப்பும் வந்தது. அன்றைக்கு நான் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குத்தான் போனேன்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஞாயிறு காலை இலுப்பூரில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் மாறி, பதினோரு மணிக்குள் திருவரங்குளம் போய்விடுவேன். நான் ஓட்டையைக் கண்டுபிடிப்பேன், அவர் அடைப்பார். தலைவியின் கை மாறியதற்கு, ரெண்டு கையுமே மெஷின் கைதான், நமக்கு ஒண்ணைத்தான் காட்டியிருக்காங்க என்றார். டாக்டரம்மா திரும்பி வந்ததற்கு, காலக்கதவு வழியாகப் போய்ச் சாவதற்கு முந்தின நாளிலேயே கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள் என்றார். அதைக் காட்ட வேண்டாமா என்று நான் குதித்தால், காட்டுனா மறுபடி அழுவோம், அதான் காட்டல என்பார்.

ஒரு நாள் கடுப்பாகி, ஏன் இந்தத் தொடருக்கு இப்படி வக்காலத்து வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். அவர் கடையில் நடப்பதைச் சொன்னார். எரிந்த மோட்டாரைக் கொண்டுவருகிற யாரிடமும் ஏன் எரிந்தது என்று கேட்கவே மாட்டாராம். கேட்டால் வயல்காரச் சம்சாரி பொய் சொல்ல வேண்டிவரும், பொய் சொன்னால் அந்த மனுஷன் கூசிப்போவான். எரிந்தது எரிந்துவிட்டது, பிரித்து மறுபடி கட்ட வேண்டியதுதான். எனக்கு அன்றைக்கு அது சோம்பேறித்தனமான பேச்சாகத்தான் பட்டது. காரணம் கேட்காமல் எப்படி ஒருவன் இருக்க முடியும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

தங்கையும் அவரும் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் வீடு கட்ட ஒரு மனை பார்த்தார்கள். விற்றவர் ஓய்வுபெற்ற வாத்தியார். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், வேலைக்காக இங்கே வந்து நிலம் வாங்கி இங்கேயே தங்கிவிட்டவர். அவர் நிலத்தை நடுவில் கிழித்துக்கொண்டு ஒரு தார்ச்சாலை போகிறது. சாலைக்குக் கிழக்கே இருந்த துண்டைத்தான் தங்கைக்குக் கொடுத்தார். மேற்கே இருந்தது அவர் கடலைக் கொல்லை. இரண்டு பக்கத்துக்கும் சர்வே எண் ஒன்றுதான். அதனால் எந்தத் துண்டு என்பதைப் பத்திரத்தில் நான்கெல்லைதான் சொல்ல வேண்டும்.

நான்கெல்லை எழுதுவதில் ஒரு முறை உண்டு. மனைக்கு மேற்கில் சாலை இருக்கிறது என்று நாங்கள் எழுத மாட்டோம். சாலையில் நின்றுகொண்டு மனையைப் பார்த்து, 'தார்ச்சாலைக்குக் கிழக்கு' என்று எழுதுவோம். நாலு பக்கத்துக்கும் அப்படித்தான், அக்கம்பக்கத்தார் இடத்தில் நின்று நம் இடத்தைச் சொல்வது. புதிதாகப் படிக்கிறவர்களுக்குத் தலை சுற்றும். அதனால் பிரின்ட் எடுப்பதற்கு முன் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து நான்கெல்லையை வாய்விட்டு வாசித்து, இடம் இதுதானே என்று தலையாட்ட வைப்பது என் வழக்கம். இருபத்தாறு வருடத்தில் ஒரு பத்திரத்துக்கும் அதை நான் விட்டதில்லை. விட்டது என் தங்கை பத்திரத்துக்கு மட்டும்தான்.

பதிவுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு திருவரங்குளம் போய்விட்டேன், தொடரையும் பார்த்துவிட்டுப் பத்திரத்தையும் எழுதிவிடலாம் என்று. அன்றைக்குக் கப்பல்காரர்கள் ஒரு சிவப்புக் கிரகத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். கூடாரத்துக்கு எதிரே ஒரு கூம்பு மலை. இரண்டு வாரத்துக்கு முன் அந்த மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் உதித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதே மலைக்குப் பின்னால், அதே கூம்புக்கு நேரே, சூரியன் மறைந்தது. எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. திசைகூடத் தெரியாதவன் எல்லாம் கதை எழுத வந்துவிட்டான் என்று ஆரம்பித்தேன். மாப்பிள்ளை வழக்கம்போல, கூடாரத்தை மலைக்கு அந்தப் பக்கம் மாற்றியிருப்பார்கள், கூடாரம் பிரிக்கிறதையெல்லாம் காட்டிக்கொண்டிருந்தால் கதை எப்போது நகரும் என்றார். நான் விடவில்லை. சாப்பிடும்போதும் அதே பேச்சு, சாப்பிட்டு முடித்துப் பத்திரம் தட்டும்போதும் அதே பேச்சு. மலைக்குக் கிழக்கா, மேற்கா? வாய் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது, விரல் நான்கெல்லையைத் தட்டிக்கொண்டிருந்தது. 'தார்ச்சாலைக்கு மேற்கு' என்று தட்டியது.

மறுநாள் பதிவு அலுவலக வாசலில் வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் தேடியபடி, வாசிக்கலையா தம்பி என்று கேட்டார். நான் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. என் தங்கச்சி பத்திரம் சார், இதுல போய்த் தப்பா எழுதுவேனா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள். பத்திரம் பதிவாகிவிட்டது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மத்தியானம் தங்கை போன் செய்தாள். வீடு கட்ட பேங்கில் லோன் கேட்டிருந்தார்கள். பேங்க் வக்கீல் இடத்தை நேரில் பார்த்துவிட்டு, பத்திரத்தில் நான்கெல்லை இடிக்கிறது, இதற்கு லோன் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாராம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த வக்கீலைத் திட்டினேன். அந்த ஆளுக்குத் திசை தெரியாது, நான்கெல்லையைத் தலைகீழாகப் படித்திருப்பார் என்று போனிலேயே அரைமணி நேரம் முழங்கினேன். போனை வைத்துவிட்டு, நகலை எடுத்து, அவர் மூஞ்சியில் எறிவதற்காகத்தான் படித்தேன். மூன்று தடவை படித்தேன். காகிதப்படி என் தங்கை வாங்கியிருந்தது வாத்தியாரின் கடலைக் கொல்லை. அவள் வேலி போட்டு, கன்று நட்டு, வாசல் எங்கே வைப்பது என்று நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்த இடம் இன்னும் வாத்தியாருடையது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் சறுக்கியது என் தங்கை தலைமேல்.

அடுத்த ஞாயிறு நான் திருவரங்குளம் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறும் தலைவலி. இரண்டு தடவையும் சாயங்காலம் மாப்பிள்ளை போன் செய்து, நான் பார்க்காமல் விட்ட கதையை ஒரு காட்சி விடாமல் சொன்னார். கப்பலில் தீப்பிடித்தது, அணைத்தார்கள், அடுத்த காட்சியில் சுவரில் கரியே இல்லை, நீங்க இருந்திருந்தா கேட்டிருப்பீங்க மச்சான் என்றார். பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் எடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அரசாங்க வேலைக்காரன்தான் வேண்டும் என்று நான் தள்ளிவைக்கப் பார்த்த மனுஷன் வீட்டுக்கு நானே வில்லங்கம் வைத்திருக்கிறேன். இனி அந்த வாசலில் என்ன மூஞ்சியோடு நிற்பது?

என் மனைவிதான் விரட்டினாள். "அடுத்தவுக தப்பச் சொல்ல இருபத்தாறு வருசமா ஒங்களுக்கு வாய் வலிக்கல. ஒங்க தப்பச் சொல்லணும்னதும் தலை வலிக்குதா?" என்றாள். மூன்றாவது ஞாயிறு பஸ் ஏறினேன்.

பதினோரு மணி. தொடர் ஆரம்பித்திருந்தது. நான் டிவிக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நின்றுகொண்டு, வக்கீல் சொன்னது சரி, தப்பு என்னுடையது, கிழக்கை மேற்கு என்று எழுதிவிட்டேன் என்று சொன்னேன். பஸ்ஸில் மனப்பாடம் செய்த மன்னிப்பெல்லாம் மறந்துபோய்விட்டது. தங்கை அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். மாப்பிள்ளை டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"தெரியும் மச்சான்," என்றார். "பத்திரம் கைக்கு வந்த அன்னைக்கே படிச்சேன். நம்ம மனை ரோட்டுக்குக் கெழக்காலதானே இருக்கு, மேற்குன்னுல்ல போட்டிருக்குன்னு தோணுச்சு. அப்புறம் பத்திரத்துல எல்லாம் மாத்தித்தான் சொல்லுவாங்க போல, ஒங்களுக்குத் தெரியாமயா எழுதியிருப்பீங்கன்னு வச்சுட்டேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒன்றரை வருடம்! அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மறுநாளே வாத்தியாரைக் கூட்டிப்போய்ச் சரிசெய்திருக்கலாம். ஏன்யா கேட்கவில்லை என்று கத்தினேன். கத்தும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மனுஷன் டாக்டரம்மாவுக்குச் செய்ததைத்தான் எனக்கும் செய்திருக்கிறார். என் ஓட்டையை அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து அடைத்து, பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். இலுப்பூர் கடைவீதியில் என்னை நம்புகிறவர்கள் நூறு பேர் இருப்பார்கள். என் எழுத்துத் தப்பாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் நம்பியவர் இவர் ஒருவர்தான்.

தங்கைக்கு இதெல்லாம் உருகுகிற விஷயமாகப் படவில்லை. அவளுக்கு வீடு வேண்டும். வாடகை வீட்டில் பன்னிரண்டு வருடம் இருந்தவள் அவள். "ரெண்டு பேரும் சேந்து எம் மனையக் கடலைக் கொல்லைக்குத் தள்ளிட்டீங்க. அது திரும்பி வர்ற வரைக்கும் இந்த வீட்டுல கப்பல் ஓடாது," என்று சொல்லி டிவியை அணைத்துவிட்டு, ரிமோட்டை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போனாள். நாங்கள் இரண்டு பேரும் அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பதிவான பத்திரத்தில் தப்பு இருந்தால் அழிக்க முடியாது. அடிக்க முடியாது. பிழை திருத்தல் பத்திரம் என்று புதிதாக ஒன்று எழுத வேண்டும். முன் பத்திரத்தில் இன்ன இடத்தில் இன்னது தவறாக எழுதப்பட்டுவிட்டது, அதை இப்படித் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டியது என்று. அதற்கு முதல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட எல்லோரும் மறுபடி வந்து போட வேண்டும். அப்படியானால் வாத்தியார் வர வேண்டும்.

அன்று மத்தியானமே நானும் மாப்பிள்ளையும் அவர் பைக்கில் வல்லத்திராக்கோட்டைக்குப் போனோம். வாத்தியார் வீடு பூட்டிக் கிடந்தது. பத்து நாளைக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, திருச்சியில் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதாகப் பக்கத்து வீட்டம்மா சொன்னார். ஆபரேஷன் முடிந்தும் காய்ச்சல் விடவில்லையாம். அவருக்கு எழுபத்தெட்டு வயது.

பெரியவருக்கு இரண்டு மகன்கள். ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் சென்னையில், இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பெரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இரண்டு பேரும் வந்து ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இப்படி மாட்டிக்கொண்ட நிலங்களை என் தொழிலில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேலிக்குள் கருவேலம் முளைத்துக் காடாகும், வாங்கியவர்கள் தலை நரைத்துப்போகும். உள்ளதைச் சொல்கிறேன், முதல் வாரம் நான் அந்தப் பெரியவர் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அவருக்காக இல்லை. அவர் கையெழுத்துக்காக.

இரண்டாவது வாரம் திருச்சிக்குப் போய்ப் பார்த்தோம். ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனோம். கட்டிலில் பாதியாகக் கிடந்தார். நிலத்தைப் பற்றி எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. கடலைக் கொல்லை மோட்டார் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். அவர் கட்டிக்கொடுத்த மோட்டார்தான் அது. வாத்தியாருக்குக் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. மோட்டார் நன்றாக ஓடுகிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை, கடலை காய்கிறது என்றார். நான் தெனமும் போய்ப் போட்டுவிடறேன் சார், நீங்க கவலைப்படாதீங்க என்றார் மாப்பிள்ளை. சொன்னபடி அன்றிலிருந்து கடையைத் திறக்கும் முன் தினமும் காலையில் போய்த் தண்ணீர் பாய்ச்சினார். காகிதப்படி அது உங்க நிலம்தானே மாப்ள என்று நான் கடித்தேன். அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

கிளம்பும்போது வாத்தியாரே கேட்டார், நீங்க வந்தது வேற ஏதோ விஷயத்துக்குத்தானே தம்பி என்று. நாற்பது வருடம் பிள்ளைகள் முகத்தைப் பார்த்தவர். சொல்லிவிட்டேன். "நான் அப்பவே கேட்டேன், வாசிக்கலையான்னு," என்றார். பிறகு, நிற்க முடிகிற அன்றைக்கு வந்து போட்டுத் தருகிறேன், அதுவரை கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார். அதன் பிறகு அவருக்காகவே வேண்டிக்கொண்டேன். கோயிலிலும் வேண்டினேன். ஒரு தடவை பஸ்ஸில் ஆவூர் வழியாகப் போனபோது சர்ச்சைப் பார்த்தும் கும்பிட்டேன்.

நாற்பது நாள் ஆயிற்று. அந்த நாற்பது நாளும் தங்கை என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை நான் போவேன், டிவி அணைந்தே இருக்கும், நானும் மாப்பிள்ளையும் பழைய சீசன்களைப் பற்றி மெதுவாகப் பேசிக்கொள்வோம். அவருடைய போனில் தொடரைப் பார்க்க வழி இருந்தது. அவர் பார்க்கவில்லை. அவ பாக்க வேண்டாம்னு சொல்லியிருக்கா மச்சான் என்றார்.

ஒரு புதன்கிழமை வாத்தியாரே போன் செய்தார், வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று. காரில் வந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஒரு அடி, ஒரு மூச்சு, இன்னொரு அடி என்று பதிவு அலுவலக வேப்பமரத்தடிக்கு வந்து, மாப்பிள்ளை போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இன்னைக்கு வாசிங்க தம்பி. சத்தமா," என்றார்.

வாசித்தேன். தங்கை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக இந்த இடத்தில் 'தட்டச்சுப் பிழையாக' என்று ஒரு சொல்லைப் போட்டு முடித்துவிடுவோம், யார் மேலும் பழி விழாத சொல் அது. நான் அதைப் போடவில்லை. இரண்டு நாள் யோசித்து, எனக்கு நானே போட்டுக்கொண்ட தண்டனையாக வேறு எழுதியிருந்தேன். 'மேற்படி கிரயப் பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில், ஆவணம் எழுதியவரின் கவனக்குறைவால், தார்ச்சாலைக்குக் கிழக்கு என்று இருக்க வேண்டியது தார்ச்சாலைக்கு மேற்கு என்று எழுதப்பட்டுவிட்டபடியால்' என்று வாசித்துவிட்டு நிறுத்தினேன். ஆவணம் எழுதியவர் யார் என்பது பத்திரத்தின் அடியிலேயே இருக்கும், என் பெயரும் உரிம எண்ணும் கையெழுத்தும். தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் வாசித்தேன். இடம் இதுதானே என்று கேட்டேன். வாத்தியார் தலையாட்டினார். தங்கை தலையாட்டினாள். மாப்பிள்ளை ஆட்டவில்லை.

பத்து வருடத்தில் அவர் ஒரு தப்பும் சுட்டிக்காட்டி நான் கேட்டதில்லை. கிட்டே வந்து, தாளில் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். விரல் முழுக்க மோட்டார் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் கறை.

"இது மட்டும் வேண்டாம் மச்சான். தட்டச்சுப் பிழைன்னே போடுங்க."

அது பொய் மாப்ள என்றேன்.

"இருக்கட்டும். இந்தப் பத்திரம் எங்க பீரோவுலதான் கெடக்கும். நாளைக்கு எம் பிள்ளைக எடுத்துப் படிக்கும். அவுக மாமனப் பத்தி அதுல அப்படி எழுதியிருக்க வேண்டாம்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேப்பமரத்தடியில், டோக்கனுக்குக் காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. தங்கை என் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு, போய் மாத்தி எடுத்துட்டு வாண்ணே, சார் எவ்வளவு நேரம் உக்காந்திருப்பாரு என்றாள். நாற்பது நாளில் அவள் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அப்போதுதான். எதிரே இருந்த கடைக்குப் போய், அந்த மூன்று சொல்லையும் எடுத்துவிட்டு, 'தட்டச்சுப் பிழையாக' என்று போட்டு, மறுபடி பிரின்ட் எடுத்தேன். வந்து முதலிலிருந்து மறுபடி வாய்விட்டு வாசித்தேன். இந்தத் தடவை நாலு பேரும் தலையாட்டினோம்.

வீடு இப்போது எழும்பிவிட்டது, தார்ச்சாலைக்குக் கிழக்கே. ஞாயிற்றுக்கிழமை கப்பலும் ஓடுகிறது. நான் இன்னும் கத்துகிறேன், அவர் இன்னும் அடைக்கிறார். பீரோவில் இரண்டு பத்திரமும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. தெரிந்தே நான் விட்டுவைத்த ஓட்டை மேலே இருக்கிற பத்திரத்தில் இருக்கிறது, அதை யார் வந்து சொன்னாலும் நான் திருத்தித் தர மாட்டேன்.